தனிவழியின் துணை

இமயமலையில் நடைப்பயணம் மேற்கொள்ள விரும்புவோரிடம், “எங்குச் செல்ல ஆசை?” என்று கேட்டால், பெரும்பாலோர் எவரெஸ்ட் அடிவார முகாமின் பெயரைச் சொல்வர். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் காலடியில் ஒருமுறையேனும் நிற்க வேண்டும் என்னும் ஆசை இயல்பானதே. ஆயினும், அங்குச் சென்று திரும்பியோர் சிலரின் பேச்சில் வியப்போடு சலிப்பும் கலந்து ஒலிக்கக் கேட்டிருக்கிறேன். முன்னே செல்பவரின் முதுகைப் பார்த்தபடியே நாள் முழுவதும் நடந்ததாகவும், தங்கும் விடுதிகளில் இடம்பிடிக்க ஓடியதாகவும் அவர்கள் கூறுவர். அவர்களுள் சிலர், “அடுத்த முறை ஆளே இல்லாத வழியில் போக வேண்டும்” என்று முடிப்பர். அத்தகையோருக்கு இன்று பலரும் சுட்டிக்காட்டும் இடங்களுள் ஒன்று, நேபாளத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள கஞ்சன்ஜங்கா வடக்கு அடிவார முகாம். பாங்பேமா என்பது அவ்விடத்தின் பெயர்.

நானும் அப்படித் தேடிச் சென்றவன்தான். மனிதரின் இரைச்சல் எட்டாத ஓரிடத்தில் சில நாள்கள் நடக்க வேண்டும் என்று புறப்பட்டேன். ஆனால், என் வாழ்நாளில் நான் பிற மனிதரை மிகுதியாக நம்பி இருந்த நாள்கள் அவையே. கூட்டம் குறைந்த மலைவழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்றே இன்றும் கருதுகிறேன். எனினும், மனிதரிடமிருந்து விலகிப்போகும் வழியாக அதனை எண்ணுவோர் அங்குச் செல்லாதிருப்பதே அனைவர்க்கும் நன்மை பயக்கும். இவ்வாறு நான் சொல்வதற்குக் காரணம் உண்டு.

கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரமுடையது. எவரெஸ்ட், கே2 ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுவே உலகின் மிக உயர்ந்த சிகரம் எனக் கருதப்பட்டது. நேபாளத்துக்கும் நம் சிக்கிம் மாநிலத்துக்கும் இடையே எல்லையாக நிற்கும் அம்மலையின் பெயருக்குப் பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள் என்பது பொருள். சிக்கிம் பகுதியில் உள்ள கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இயற்கை, பண்பாடு ஆகிய இரண்டின் சிறப்புக்காகவும் ஒருசேர அத்தகுதியைப் பெற்ற முதல் இந்திய இடம் அதுவே. மலையின் மறுபக்கத்தில், நேபாளத்தில், வடமுகப் பனிச்சுவரின் எதிரே, பனியாற்றின் ஓரமாக 5,143 மீட்டர் உயரத்தில் அமைந்த புல்திட்டுதான் பாங்பேமா. 1899இல் டக்ளஸ் ஃபிரெஷ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் இம்மலையை முழுவதும் சுற்றிவந்தார். அவருடன் சென்ற இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் விட்டோரியோ செல்லா எடுத்த படங்களே அம்மலையின் பேரழகை உலகறியச் செய்தன.

வழி நீண்டது. நியூ ஜல்பைகுரி வரை தொடர்வண்டியில் சென்று, காக்கர்விட்டாவில் எல்லையைக் கடந்து, இலாம் மாவட்டத்தின் தேயிலைக் குன்றுகளின் ஊடே உந்துவண்டியில் தாப்லேஜுங் நகரை அடைய வேண்டும். அதன்பின் சாலை முடியும் இடத்திலிருந்து கால்களே துணை. முதலில் தமோர் ஆற்றங்கரை. பிறகு அதனோடு வந்து கலக்கும் குன்சா ஆற்றின் பள்ளத்தாக்கு. தொடக்கத்தில் வெப்பமும் ஈரமும் மிகுந்த சரிவுகள். அவற்றில் மர நிழலில் பெரிய ஏலக்காய் பயிரிடுகின்றனர். மேலே செல்லச் செல்ல மூங்கில் வருகிறது. அதற்கும் மேலே ரோடோடென்ட்ரான் காடு. அம்மரத்தைக் கண்டதும் எனக்கு உதகை நினைவு வந்தது. நீலகிரியின் சோலைகளில் காட்டுப்பூவரசு என்று நாம் அழைக்கும் செந்நிறப் பூமரம் அதன் நெருங்கிய உறவே. இடைப்பட்ட சமவெளியில் எங்கும் காணப்படாத அவ்வினம் இமயத்திலும் நம் மலையிலும் எப்படி நின்றது என்பது தாவரவியலார் இன்றும் ஆர்வத்துடன் பேசும் செய்தி.

ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது குன்சா என்னும் ஊர். திபெத்திய மொழியில் அதற்குக் குளிர்காலத்து இருப்பிடம் என்று பொருளாம். நாம் நடுங்கும் இடத்துக்கு அம்மக்கள் குளிர்காலத்தைக் கழிக்க இறங்கி வருகின்றனர்! கோடையில் அவர்கள் சடைமாடுகளை ஓட்டிக்கொண்டு 4,100 மீட்டர் அளவிலான கம்பாச்சென் முதலிய மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்வர். நாங்கள் சென்ற ஐப்பசி மாதத்தில் ஊரைச் சுற்றிலும் லார்ச் மரங்கள் பொன்னிறமாக நின்றன. ஊசியிலை மரமாயினும் இலையுதிர்க்கும் இயல்புடையது அது. கம்பாச்சென் செல்லும் வழியில் 7,710 மீட்டர் உயரமுள்ள குும்பகர்ணச் சிகரம் திடீரெனத் தலைக்குமேல் எழுகிறது. அதற்கு ஜன்னு என்னும் பெயரும் உண்டு. அவ்விடத்தில் சற்று நேரம் நாங்கள் எதுவும் பேசவில்லை. மூச்சு வாங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

மூச்சு வாங்குவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடல்மட்டத்திலும் 5,000 மீட்டர் உயரத்திலும் காற்றில் உள்ள ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். பாங்பேமாவின் உயரத்தில் அவ்வழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. உடல் இதற்கு மெல்ல மெல்லப் பழகும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்றும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓரிடத்திலேயே ஓய்ந்திருக்க வேண்டும் என்றும் மலைநோய் அறிந்த மருத்துவர் கூறுவர். குன்சாவிலிருந்து கம்பாச்சென் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். அங்கிருந்து 4,780 மீட்டரில் உள்ள லோனாக் மீண்டும் அதே அளவு உயரம். இடையில் ஊர் இல்லாததால் இவ்விரு தாவல்களையும் சிறிதாக்க முடியாது. ஆகவே, குன்சாவிலும் கம்பாச்சென்னிலும் ஒவ்வொரு நாள் கூடுதலாகத் தங்குவதே இவ்வழியின் நடைமுறை.

இவற்றை மீறினால் முதலில் தலைவலி, பசியின்மை, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றும். அத்துடன் நின்றால் நலம். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வேறு சிலருக்கு மூளை வீங்கும். அந்நிலையில் உடனே கீழே இறங்குவதே முதன்மையான மருத்துவம். உடல்வலிமை மிக்க இளைஞரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. விளையாட்டு வீரர் ஒருவர் படுத்துவிட, அவருடன் வந்த முதியவர் நலமாக நடந்து செல்வதும் உண்டு.

எவரெஸ்ட் வழியில் இத்தகைய இடர்களுக்குச் சில ஏற்பாடுகள் உள்ளன. எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1966இல் தொடங்கப்பட்ட குன்டே மருத்துவமனை அங்குள்ளது. பெரிச்சேயில் மலைநோய்க்கென்றே பருவகால மருத்துவ நிலையம் இயங்குகிறது. அவற்றைவிட முக்கியமான ஒன்று, அங்குள்ள கூட்டம். எல்லாரும் நாம்சே பஜாரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதைப் பார்த்து நாமும் தங்குகிறோம். நாம் தடுமாறினால் பார்ப்பதற்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நெரிசலான வழி, நம்மைக் கேளாமலேயே நமக்காகப் பல நல்ல முடிவுகளை எடுத்துவிடுகிறது. அதன் மதிப்பை நான் உணர்ந்தது, அது இல்லாத இடத்துக்குச் சென்ற பிறகுதான்.

எங்கள் கதை இதுதான். நானும் என் கல்லூரிக்கால நண்பரும் சென்றோம். தாப்லேஜுங்கைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரும், சுமை சுமந்து வந்த இளைஞர் ஒருவரும் எங்களுடன் வந்தனர். வழிகாட்டி எங்களைவிட மூத்தவர். அண்ணன் என்னும் பொருள்படும் நேபாளிச் சொல்லால் அவரைத் ‘தாஜு’ என்றே அழைத்தோம். மழையால் தொடக்கத்திலேயே ஒரு நாள் வீணாகியிருந்தது. அதனை ஈடுசெய்யக் கம்பாச்சென்னில் ஓய்வு நாளைக் கைவிடலாம் என்றேன். தாஜு கூடாது என்றார். நான் வற்புறுத்தினேன், நண்பரும் எனக்காக ஒப்புக்கொண்டார். பணம் கொடுத்து அழைத்துவந்தவர் சொல்வதே முடிவு என்னும் எண்ணம் என்னுள் இருந்தது என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை.

லோனாக் சென்ற மாலையிலேயே நண்பருக்குத் தலைவலி தொடங்கியது. இரவில் வாந்தி எடுத்தார். விடியுமுன் தாஜு எங்கள் அறைக்கு வந்து, விளக்கொளியில், ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்குமாறு அவரைக் கேட்டார். நான்காம் அடியில் நண்பர் பக்கவாட்டில் சாய்ந்தார். மீண்டும் நடக்கச் சொன்னார், மீண்டும் சாய்ந்தார். பார்வைக்கு அது சிறிய தடுமாற்றம். ஆனால் மூளை வீங்கத் தொடங்குவதன் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

அப்போது நான் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாங்பேமா அங்கிருந்து நான்கு மணி நேர நடைதான். வானம் தெளிவாக இருந்தது. “அவர் இங்கே படுத்திருக்கட்டும், நாம் விரைந்து சென்று மதியத்துக்குள் திரும்பிவிடலாமே!” என்றேன். தாஜு சினம் கொள்ளவில்லை. “இவர் கீழே போக வேண்டும், இப்போதே போக வேண்டும். இவரைப் பிடித்துக்கொள்ள இருவர் வேண்டும்; பைகளைச் சுமக்க ஒருவர் வேண்டும். நாம் மொத்தம் நான்கு பேர்” என்றார். அவ்வளவுதான் அவர் கூறியது. கணக்கு சரியாக இருந்தது. லோனாக்கில் அன்று எங்களைத் தவிர வேறு பயணிகள் இல்லை. நான் தேடிவந்த அந்தத் தனிமை அப்போது முழுமையாக வாய்த்திருந்தது.

சுமை தூக்கி வந்த இளைஞர் எல்லாப் பைகளையும் ஒன்றாகக் கட்டி நெற்றிப்பட்டையில் மாட்டிக்கொண்டார். தாஜு ஒருபுறமும் நான் மறுபுறமும் நண்பரைப் பற்றிக்கொள்ள, இருளிலேயே இறங்கினோம். கம்பாச்சென்னை நெருங்கும்போது நண்பரின் நடை சீரானது. அன்று மாலை அவர் பசிக்கிறது என்றார். உயரம் குறைந்தவுடன் அந்நோய் விலகும் விரைவை நேரில் கண்டவர்களுக்கே அது விளங்கும்.

மலைவழியைப் பற்றித் தமிழில் மிகப் பழைய மரபொன்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் ஆற்றுப்படை நூல். வழியின் இடர்களையும், வழியில் வாழும் மக்கள் தரும் விருந்தையும் அது ஒருசேரச் சொல்கிறது. இடரைச் சொல்லும்போதே ஆட்களையும் சொல்வது ஏன் என்பதை நான் முன்பு எண்ணிப்பார்த்ததில்லை.

கஞ்சன்ஜங்காவின் வரலாற்றிலும் நின்றுவிடுதல் என்பதற்கு ஓர் இடம் உண்டு. 1955 மே 25 அன்று ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்னும் இருவர் முதன்முதலாக அச்சிகரத்தை எட்டினர். ஆனால் உச்சியில் காலடி வைக்கவில்லை. மலை புனிதமானது என்பதால் உச்சியை மிதிப்பதில்லை என்று, குழுத் தலைவர் சார்லஸ் எவான்ஸ் சிக்கிம் மன்னருக்கு வாக்களித்திருந்தார். சில அடிகளே எஞ்சியிருந்த நிலையில் அவர்கள் நின்றனர். மறுநாள் ஏறிய நார்மன் ஹார்டி, டோனி ஸ்ட்ரீதர் ஆகியோரும் அவ்வாறே நின்றனர். 1979இல் வடபுறமாக, செயற்கை ஆக்சிஜன் இன்றி ஏறிய டக் ஸ்காட், பீட்டர் போர்டுமன், ஜோ டாஸ்கர் ஆகிய மூவரும் அம்மரபைக் காத்தனர். எங்கள் செயலை இதனோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. அவர்கள் விரும்பி நின்றார்கள். நான் ஒருவர் தடுத்ததால் நின்றேன்.

அவ்வழியின் அமைதியைக் காத்து நிற்போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் ‘மனிதர் காலடி படாத இயற்கை’ என்று புகழும் இடங்கள் பலவற்றில், அந்த இயற்கையை அப்படியே வைத்திருப்பவர்கள் மனிதர்களே. கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதி 1997இல் அறிவிக்கப்பட்டது. 2,035 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2006 செப்டம்பரில் நேபாள அரசு அதன் மேலாண்மையை உள்ளூர் மக்களின் அமைப்பிடம் ஒப்படைத்தது. நேபாளத்தில் ஒரு பாதுகாப்புப் பகுதி இவ்வாறு மக்களிடமே ஒப்படைக்கப்பட்டது அதுவே முதன்முறை. அவ்விழாவில் கலந்துகொண்டு திரும்பிய உலங்கூர்தி செப்டம்பர் 23 அன்று குன்சாவுக்கு அருகில் மலையில் மோதியது. அதில் இருந்த 24 பேரும் உயிரிழந்தனர். ஹர்க குருங், சந்திர குருங், மிங்மா நோர்பு ஷெர்பா முதலிய இயற்கைப் பாதுகாப்பு அறிஞர்கள் அவர்களுள் அடங்குவர். ஒரு நாடு தன் காடுகளைப் பற்றி அறிந்தோரில் ஒரு தலைமுறையையே ஒரு நாளில் இழந்தது. அவர்கள் ஒப்படைத்துச் சென்ற பொறுப்பைக் குன்சா மக்கள் கைவிடவில்லை.

பனிச்சிறுத்தையை எடுத்துக்கொள்வோம். அது கன்றுகளைக் கொன்றால் இழப்பு மேய்ப்பவருக்கே. சினம் கொண்டு அவர் நஞ்சு வைத்தால் அது வியப்பன்று. இப்பள்ளத்தாக்கிலோ, மக்களே நடத்தும் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றால் இழப்பீடு வழங்குகின்றனர். பனிச்சிறுத்தையின் படத்தைப் பார்த்து மகிழும் நாம், அதன் உணவுக்கான விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்பதில்லை.

சுமை தூக்குவோரைப் பற்றியும் நாம் கேட்பதில்லை. மலைநாட்டார் ஆதலால் அவர்களுக்கு மலைநோய் வராது என்னும் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. சமவெளியை ஒட்டிய தாழ்ந்த ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வருவோர் பலர். உயரம் அவர்களையும் நம்மைப் போலவே தாக்கும். நல்ல காலணியும் குளிருடையும் அவர்களுக்கு உண்டா, எத்தனை கிலோ சுமக்கிறார்கள், நோயுற்றால் கூலி குறையுமா என்பவற்றைப் புறப்படுமுன் கேட்டறிவது பயணியின் கடமை. நெரிசலான வழியில் இக்கேள்விகளைக் கேட்கச் சில அமைப்புகளேனும் உள்ளன. தனிவழியில் நாம் கேட்காவிட்டால் கேட்பார் எவரும் இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். இவ்வாறு எழுதுவதே கூட்டத்தை அங்கு அழைப்பதாகாதா? ஆகும், அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால், எழுதாமல் விட்டாலும் மாற்றம் நிற்கப்போவதில்லை. சாலை ஆண்டுதோறும் பள்ளத்தாக்கின் உள்ளே நகர்ந்து வருகிறது. தாப்லேஜுங் மாவட்டத்தின் பாதிபரா மலைக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டத்தை, அம்மலையை முக்கும்லுங் என்று போற்றும் லிம்பு மக்களுள் பலர் எதிர்த்துவருகின்றனர். அதனை வரவேற்போரும் அங்கு உள்ளனர். சாலை வேண்டாம் என்று வெளியூர்ப் பயணி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பேறுகாலத்தில் ஒரு பெண்ணை நாள்கணக்கில் சுமந்து செல்லும் ஊருக்கு, நம் கண்ணுக்கு இனிய அமைதியை மட்டும் காரணம் காட்டிச் சாலையை மறுக்க நாம் யார்? அவ்வமைதியின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை அங்கு வாழ்வோருக்கே உரியது. அவர்கள் வகுக்கும் விதிகளின்படி, அவர்கள் ஊர்க்காரரைத் துணையாகக் கொண்டு, அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் “திரும்பு” என்றால் திரும்புவதே பயணியின் பங்கு. அயல்நாட்டினர் சிறப்பு அனுமதியும் பதிவுபெற்ற வழிகாட்டியும் இன்றி அங்கு நுழையலாகாது என்னும் விதியைச் சிலர் தம் விடுதலைக்குத் தடையாகக் கருதுகின்றனர். லோனாக்கில் அந்த விடியலுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் கருதினேன்.

குன்சாவுக்குத் திரும்பிய அன்று, நாங்கள் முன்பு தங்கிய வீட்டின் மூதாட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கையும் மிளகாய்த் துவையலையும் அடுப்பருகில் வைத்தார். பாங்பேமாவைப் பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. நண்பரின் முகத்தை விளக்கருகே திருப்பிப் பார்த்துவிட்டு, தாஜுவிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். “நிறம் திரும்பிவிட்டது என்கிறார்” என்றார் தாஜு. மறுநாள் காலையில், அனுமதிச்சீட்டைச் சரிபார்க்கும் இடத்தில் பதிவேட்டைத் திறந்தனர். செல்லுமிடம் என்னும் கட்டத்தில், மேலே போகும்போது நான் பெரிய எழுத்தில் எழுதியிருந்த பாங்பேமா அப்படியே இருந்தது. தாஜு எழுதுகோலை என்னிடம் நீட்டினார். அதனை அடித்துவிட்டு, லோனாக் என்று எழுதினேன்.